பதினான்கு சான்றிதழ்களும் நகராத மூன்றாம் அத்தியாயமும்

கேள்வி கேட்டவர் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். இது மூன்றாம் ஆண்டு. மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் அலைபேசிவழிப் பணப் பரிமாற்றத்தை நம்புவதற்கும் அதைப் பயன்படுத்துவதற்கும் உள்ள தொடர்பு அவருடைய தலைப்பு. ஆய்வு முறையியல், புள்ளியியல், ஆய்வுக் கட்டுரை எழுதுதல் என்று 14 இணையவழிப் படிப்புகளை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறார். 384 பேரிடம் தரவும் திரட்டிவிட்டார். ஆனால் ஆய்வு முறையை விளக்கும் மூன்றாம் அத்தியாயம் ஓராண்டாக அப்படியே கிடக்கிறது. நெறியாளருக்கு நேரமில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒரு பயிற்சி முகாமில் "சுயநிர்ணயக் கற்றல்" என்ற சொல்லைக் கேட்டாராம். அது என்ன, இணையத்தை வைத்துக்கொண்டு ஆய்வுக்குத் தேவையானதை ஒருவர் தானாகவே கற்றுவிட முடியுமா, அடுத்து எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதிலும் சேர வேண்டாம். பதினைந்தாவது படிப்பு உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை நகர்த்தாது.

உங்களிடம் உழைப்பு போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. வகுப்புகள், சேர்க்கைப் பணி, விடைத்தாள் திருத்தல், வீட்டு வேலை, இவற்றுக்கு நடுவே 14 படிப்புகளை முடிப்பது எளிய காரியமன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர்தான் படிப்பை முடித்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்ததோடு சரி. பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மூவரில் ஒருவராக நீங்கள் 14 முறை இருந்திருக்கிறீர்கள். ஆகவே தடை வேறெங்கோ இருக்கிறது. எதைக் கற்பது, எந்த வரிசையில் கற்பது, கற்றாயிற்று என்று எப்போது சொல்வது ஆகிய மூன்றையும் அந்தப் படிப்புகள் ஒவ்வொன்றிலும் வேறொருவர் உங்களுக்காக முடிவு செய்திருந்தார். அவருக்கு உங்கள் ஆய்வைத் தெரியாது.

சுயநிர்ணயம் என்ற சொல் நமக்கு அரசியல் வழியாகப் பழக்கமானது. ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்சி எப்படி அமைய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையை அது குறிக்கிறது. பிறர் நீட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும் சலுகைக்கு யாரும் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. கல்வியிலும் இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான படிப்புகள் வரிசையாக நிற்கும் ஒரு தளத்தில் உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தீர்கள். அது தேர்வு. நிர்ணயம் அதற்கு முந்தைய இடத்தில் நடக்கிறது.

பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்கர் மால்கம் நோல்ஸ், தானே வழிநடத்திக்கொள்ளும் கற்றலைப் பற்றி 1975-இல் விரிவாக எழுதினார். தேவையைக் கண்டறிதல், இலக்கு வகுத்தல், வளங்களைத் தேடுதல், வழியைத் தெரிந்தெடுத்தல், விளைவை மதிப்பிடுதல் ஆகியவை அதன் படிகள். ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹேஸ், கிறிஸ் கென்யன் ஆகிய இருவரும் 2000-இல் இன்னும் ஓரடி எடுத்து வைத்தார்கள். கிரேக்க மொழியில் "தான்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஹியூட்டகாஜி என்ற பெயரை உருவாக்கினார்கள். நீங்கள் முகாமில் கேட்ட சொல்லின் மூலம் இதுதான். தெரிந்த சூழலில் தெரிந்த வேலையைச் சரியாகச் செய்வது திறமை. முன்பின் தெரியாத சூழலில், தெரியாத சிக்கலுக்கு முன் நின்று வழி காண்பது வல்லமை. படிப்புகள் திறமையைத் தரலாம், வல்லமை வேறு விதமாகத்தான் வளர்கிறது என்பது அவர்களுடைய வாதம். முனைவர் பட்ட ஆய்வோ, யாரும் முன்பு விடை காணாத கேள்வியை எடுத்துக்கொள்வது. அந்தக் கேள்விக்கென்று ஆயத்தப் பாடத்திட்டம் எங்கும் இருக்க முடியாது. பள்ளி மாணவருக்கும் பட்டப்படிப்பு மாணவருக்கும் இந்தக் கோட்பாடு எவ்வளவு பொருந்தும் என்று நான் வாதிட வரவில்லை. ஆய்வாளருக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

ஹேஸும் கென்யனும் கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் என்ற இரண்டு அறிஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட கருத்து ஒன்று உண்டு. அதற்கு இரட்டை வளையக் கற்றல் என்று பெயர். வைத்த குறியை எட்டும்வரை செயலைத் திருத்திக்கொண்டே போவது முதல் வளையம். அந்தக் குறியே சரிதானா என்று திரும்பிப் பார்ப்பது இரண்டாம் வளையம். கேட்கும்போது எளிதாகத் தெரியும். உங்கள் ஆய்விலேயே இதைச் செய்து பார்ப்போம். அதற்கு உகந்த எண் ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 384.

வணிகவியல், மேலாண்மை, கல்வியியல் துறைகளில் இந்த எண்ணைத் தெரியாத ஆய்வாளர் இல்லை. கிரெஜ்சி, மார்கன் ஆகிய இருவரும் 1970-இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையில், மொத்த எண்ணிக்கை பத்து லட்சமானால் 384 பேரிடம் கேட்டால் போதும் என்றிருக்கிறது. பலரும் அதை மேற்கோள் காட்டிவிட்டு, கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விட்டு, 384 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முந்நூற்று எண்பதில் நின்றுவிட்டால் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு நான்கு பேரைச் சேர்க்கிறார்கள். இது முதல் வளையம். மிகுந்த உழைப்பு இதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

இப்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 95 சதவீத நம்பிக்கை அளவுக்குரிய 1.96-ஐ வர்க்கமாக்குங்கள்: 3.8416. அதை 0.25-ஆல் பெருக்குங்கள். பாதிப் பேர் ஆம் என்றும் பாதிப் பேர் இல்லை என்றும் சொல்லும் நிலையில்தான் மாதிரி மிகப் பெரிதாக வேண்டியிருக்கும், 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் வருவதே அந்த 0.25. வந்த விடையை, பிழை எல்லையான 0.05-இன் வர்க்கத்தால், அதாவது 0.0025-ஆல் வகுங்கள். 384.16. துண்டுத்தாளில் மூன்று வரிக் கணக்கு. இந்த மூன்று வரிக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. மொத்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்பட ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். நீங்கள் கண்டறிய விரும்புவது ஒற்றை விகிதமாக இருக்க வேண்டும். "எத்தனை சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள்" என்பது போல.

உங்கள் ஆய்வு இரண்டிலும் பொருந்தவில்லை. நீங்கள் ஒரு விகிதத்தைத் தேடவில்லை. நம்பிக்கைக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான உறவைத் தேடுகிறீர்கள். அதற்கான மாதிரி அளவு, உறவு எவ்வளவு வலுவாக இருக்கும், கணிக்க வேண்டியவை எத்தனை என்பதையெல்லாம் பொறுத்து மாறும். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. சுய உதவிக் குழு என்பது பத்து முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடி உட்கார்ந்து பேசும் இடம். குழுத் தலைவி அலைபேசியில் பணம் அனுப்பப் பழகிவிட்டால் மற்றவர்களும் பழகுவார்கள். ஒருவர் கணக்கிலிருந்து பணம் திருடு போனால் அந்தக் குழுவே அஞ்சி ஒதுங்கும். ஆக, ஒரே குழுவில் இருப்பவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

இதற்கும் கணக்கு உண்டு. குழுவுக்கு 12 பேர் வீதம் 32 குழுக்களில் கேட்டதாக வைத்துக்கொள்வோம்; 384 ஆகிறது. ஒரே குழுவினரின் விடைகளுக்கிடையே உள்ள ஒப்புமை (சிறிதும் இல்லையென்றால் 0, முற்றிலும் ஒன்றேயென்றால் 1) 0.1 என்று கொள்வோம். 12-இல் ஒன்றைக் கழித்து 0.1-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.1. மாதிரி ஆய்வியலில் லெஸ்லி கிஷ் நிலைநிறுத்திய கணக்கு இது. 384-ஐ 2.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 183. அதாவது, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத 183 பேரிடம் கேட்டால் என்ன துல்லியம் கிடைக்குமோ அதுதான் உங்கள் 384 பேரிடமிருந்து கிடைக்கும். இதைப் பார்த்ததும் 384 என்ற குறியே ஆட்டம் காண்கிறது. இதுதான் இரண்டாம் வளையம்.

இதை உங்கள் 14 படிப்புகளில் ஒன்றும் சொல்லித் தந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆட்களைக் குழு குழுவாகத் தேர்ந்தெடுக்கும் கொத்து மாதிரி பற்றிய விரிவுரை அவற்றில் எங்காவது இருந்திருக்கும். ஆனால் நீங்கள் ஆய்வு செய்வது சுய உதவிக் குழுக்களை என்பது அந்த விரிவுரையாளருக்குத் தெரியாது. இந்த விரிவுரை உங்களுக்குத் தேவை என்பது அன்றைக்கு உங்களுக்கும் தெரியாது. கேள்வி பிறப்பதற்கு முன்பே கேட்ட விடை மனத்தில் தங்காமல் போய்விடுகிறது. இப்போது கேள்வி பிறந்துவிட்டது. இனி கற்க வேண்டியது பத்து நாள் வேலை. ஆர் என்ற இலவச மென்பொருளில், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவ் ரொசீல் உருவாக்கிய லவான் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. நம்பிக்கைக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள உறவைக் காட்டும் உங்கள் கட்டமைப்புச் சமன்பாட்டை அதில் எழுதும்போது, விடையளித்தவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதையும் கொடுக்கலாம். பிழை அளவுகளை அதற்கேற்பத் திருத்திக் கணக்கிடும்.

பணம் கொடுத்து வெளியே பகுப்பாய்வு செய்து வாங்குவதைப் பற்றி இங்கே பேசாமல் போக முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். ஆய்வேடு அழகாக அச்சிடப்பட்டிருந்தது. அட்டவணைகளில் தவறொன்றும் தெரியவில்லை. நான் கேட்ட கேள்வி மிக எளியது. "நான்காம் அத்தியாயத்தின் முதல் அட்டவணையில் 412 பேர் என்றிருக்கிறது. ஆறாவது அட்டவணையில் 397 என்றிருக்கிறது. மீதிப் பதினைந்து பேர் எங்கே?" சில கேள்விகளுக்கு விடையளிக்காமல் விட்டவர்களை மென்பொருள் தானாகவே நீக்கியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் அவரிடமிருந்து வரவில்லை. அந்தப் பதினைந்து பேரும் தன் ஆய்வில் இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறாண்டு அலைச்சல், குடும்பத்தின் சேமிப்பு, எல்லாம் அந்த மேசை மேல் இருந்தன. அந்த இளைஞரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் படிக்காதவர் அல்லர். அவரிடமும் சான்றிதழ்கள் இருந்தன.

சரி, எப்படித் தொடங்குவது? மூன்றாம் அத்தியாயத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் புறத்தேர்வாளராக நின்று "ஏன்?" என்று கேளுங்கள். எதையும் புரட்டிப் பார்க்காமல் மூன்று வாக்கியங்களில் விடை சொல்ல முடியாத இடங்களில் சிவப்பு மையால் கோடிடுங்கள். "இந்த அளவுகோலின் ஆல்ஃபா மதிப்பு 0.7-க்கு மேல் இருப்பதால் நம்பகமானது" என்று எழுதியிருப்பீர்கள். ஓர் அளவுகோலின் கேள்விகளுக்கு வந்த விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் ஆல்ஃபா. ஏன் 0.7? கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும் என்பது தெரியுமா? அந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கு ஆல்ஃபா சான்றாகாது என்பது தெரியுமா? தெரியவில்லையென்றால் கோடு. என்னிடம் ஆய்வு செய்தவர்களுக்கு முதல் தடவை இருபது, முப்பது கோடுகள் விழும். மனம் தளரும் நாள் அது. ஆனால் மறுநாள் உட்கார்ந்து பார்த்தால், அவற்றில் ஐந்தாறுதான் ஆய்வின் உயிர்நாடி என்பது தெரியும். மற்றவை அந்த ஐந்தாறின் கிளைகள். அந்த ஐந்தாறுதான் உங்கள் பாடத்திட்டம். உலகில் வேறு யாருக்கும் பொருந்தாதது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதற்கு வளம் தேடும்போது முழுப் படிப்பைத் தேடாதீர்கள். என்பிடெல் தளத்தில் பன்னிரண்டு வாரப் படிப்பு ஒன்றில் ஐந்தாம் வாரம் மட்டும் உங்களுக்குத் தேவையாக இருக்கலாம். அதை மட்டும் பாருங்கள். விரிவுரைகள் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன. முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாராந்தர ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்ற கணக்கில் தரும் சான்றிதழ் இதற்குக் கிடைக்காது. கிடைக்க வேண்டியதில்லை. பணி உயர்வுக்கோ பாடத்தாள் மதிப்பெண்ணுக்கோ சான்றிதழ் தேவைப்பட்டால் அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்ததில்தான் ஓராண்டு போயிருக்கிறது.

கற்றாயிற்று என்பதை எப்படி அறிவது? காணொளியைப் பார்த்து முடித்ததும் புரிந்துவிட்டதாகத் தோன்றும்; அந்தத் தோற்றத்தை நம்ப வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் உரைநடைப் பத்தியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ஆகவே கற்றதை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். பிறகு அதை உங்கள் தரவிலேயே செய்து பாருங்கள். அதற்குப் பிறகு ஆய்வேட்டில் அதைப் பற்றிய ஒரு பத்தியை எழுதுங்கள். பத்தி எழுத வரவில்லையென்றால் கற்றல் இன்னும் முடியவில்லை.

இதுவரை சொன்னது தனியாளாகச் செய்யக்கூடியது. இனிச் சொல்லப்போவது தனியாளால் முடியாதது. சுயநிர்ணயக் கற்றல் என்றதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மட்டும் கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பலரும் நினைக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் போட்ட கணக்கு இதைவிட நுட்பமானது. ஆசிரியர் சொன்னதை மாணவர் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டாலும் புலமையில் அது கால் பங்குதான் என்கிறார் அவர். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி இரண்டு கால் பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. இணையவழிப் படிப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது தருவது அந்த முதல் கால் பங்கைத்தான். நீங்கள் 14 முறை வாங்கியது 14 கால் பங்குகள்; ஆனால் அவை கூட்டிச் சேர்ந்து முழுமை ஆவதில்லை, ஏனெனில் எல்லாம் ஒரே கால் பங்கின் நகல்கள்.

இணையத்தில் இதைச் செய்து பார்த்த அனுபவமும் உண்டு. கனடாவில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் ஆகிய இருவரும் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாக 2008-இல் ஒரு படிப்பைத் திறந்தார்கள். கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் 25 பேர். இலவசமாக இணைந்தவர்கள் சுமார் 2,200 பேர். பெருந்திரள் இணையப் படிப்பு என்று பின்னாளில் பெயர் பெற்றவற்றுக்கு அதுவே தொடக்கம். பங்கேற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தெரிந்தெடுத்து, தங்கள் சொந்தப் பக்கங்களில் எழுதி, ஒருவரையொருவர் படித்துக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பலருக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. சிலர் திக்குத் தெரியாமல் நின்றார்கள். அதை ஆராய்ந்த 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சுதந்திரமும் திறந்த தன்மையும் கூடக் கூட, கட்டமைப்பும் துணையும் இல்லாமையால் கற்றல் தடைபடும் ஆபத்தும் கூடுகிறது என்று கண்டது. எனக்கு இது முக்கியமான எச்சரிக்கையாகப் படுகிறது. ஆய்வாளருக்குச் சுதந்திரம் வேண்டும், ஆனால் இரண்டாயிரம் பேரின் இரைச்சலுக்கு நடுவே கிடைக்கும் சுதந்திரம் தனிமையைவிடக் களைப்பூட்டும்.

நான்கு பேர் போதும். உங்கள் பல்கலைக்கழகத்தில் உங்களோடு பாடத்தாள் எழுதியவர்களில் மூவரைக் கூப்பிடுங்கள். துறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. முறையியல் ஓரளவு நெருங்கியிருந்தால் நல்லது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு மணி நேரம் காணொளிக் கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தம் சிவப்புக் கோடுகளில் ஒன்றை எடுத்து, கற்றதை இருபது நிமிடம் விளக்க வேண்டும். மற்ற மூவரும் கேள்வி கேட்க வேண்டும், பாராட்டுக்கு நேரமில்லை. என்னிடம் ஆய்வு செய்த நால்வர் இப்படி இரண்டு ஆண்டுகள் கூடினார்கள். அவர்களில் ஒருவர் வரலாற்றுத் துறை. புள்ளியியல் தெரியாத அவர் கேட்ட "அது ஏன் அப்படி?" என்ற கேள்விகள்தான் மற்ற மூவரின் அத்தியாயங்களையும் திருத்தின.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் இருப்பதுபோல மேற்கோள் காட்டுகின்றன. அதை நம்பித் துணைநூற்பட்டியலில் சேர்த்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள். அவற்றை விடை சொல்ல வைக்காமல் கேள்வி கேட்க வையுங்கள். உங்கள் பத்தியைக் கொடுத்து, கடுமையான தேர்வாளர் இதில் என்ன கேட்பார் என்று கேட்டால் பயனுள்ள சில கேள்விகள் வரும். விடையை நீங்கள்தான் தேட வேண்டும்.

தேடும் இடங்களில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். நீங்கள் பணியாற்றுவது தனியார் கல்லூரி, ஆனால் பதிவு செய்திருப்பது அரசுப் பல்கலைக்கழகமென்றால், அதன் நூலகரிடம் நேரில் போய் நுழைவு கேளுங்கள். பகுதி நேர ஆய்வாளர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில் லட்சக்கணக்கான இந்திய ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் தலைப்பை ஒட்டிய பத்து ஆய்வேடுகளை எடுத்து மூன்றாம் அத்தியாயங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரே வாக்கியம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வந்திருப்பதைக் காண்பீர்கள். 384 அப்படித்தான் பயணம் செய்தது. படித்தவற்றைக் குறித்து வைக்கச் சோட்டெரோ என்ற மென்பொருள் போதும், இலவசம். கட்டுரை கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

இன்னொரு மாற்றமும் உங்களைப் பாதிக்கும். எந்த ஆய்விதழ் நம்பகமானது என்று காட்டிய கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி ஓர் இதழின் ஆசிரியர் குழு உண்மையானதா, மதிப்பாய்வு நடக்கிறதா, பெயரைத் திருடிய போலி இதழா என்பதையெல்லாம் ஆய்வாளரே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். பலர் இதைச் சுமையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது நல்லதாகவே தோன்றுகிறது. தன் துறையின் நல்ல இதழ் எது என்று சொல்லத் தெரியாதவர் அந்தத் துறையில் எப்படி முனைவராக முடியும்?

நெறியாளருக்கு நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு ஆய்வாளர்களை வைத்திருக்கும் பேராசிரியருக்கு உண்மையாகவே நேரம் இருக்காது. அவரைப் பார்க்கப் போகும்போது, "ஐயா, அடுத்து என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் அவரும் பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார், பல வேளை இன்னொரு படிப்பில் சேரச் சொல்வார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எந்தச் சிவப்புக் கோட்டை எடுத்தேன், என்ன கற்றேன், அதனால் அத்தியாயத்தில் எது மாறியது, உங்கள் முடிவு தேவைப்படும் ஒரே ஒரு கேள்வி எது. ஐந்து நிமிடத்தில் படித்து விடை சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். கற்பதை நீங்கள் நிர்ணயிப்பதால் அவருடைய இடம் குறைந்துவிடாது. அவர் கண்ணில் படாமல் கற்றால்தான் சிக்கல். மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். இந்த ஒரு பக்கக் குறிப்புகள் சேர்ந்தாலே அந்தக் கூட்டத்துக்கான உரை ஆயத்தமாகிவிடும்.

விதிகளைப் பற்றி மூன்று செய்திகள். கற்றல் இணையத்தில் நடக்கலாம், பட்டம் இணையத்தில் கிடையாது. தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் தர அந்த விதிகள் இடம் தரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையக் கல்வி நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று 2022 அக்டோபரில் மானியக் குழு எச்சரித்திருக்கிறது. உங்களைச் சுற்றி யாராவது அதில் பணம் கட்டத் தயாராக இருந்தால் தடுத்துவிடுங்கள். அடுத்து, காலம். ஆய்வுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. மொத்தம் பத்துக்கு மிகக் கூடாது. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. மூன்றாம் ஆண்டில் நிற்கும் உங்களுக்கு நேரம் கையை விட்டுப் போய்விடவில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு வேலை. திரட்டிய விடைத்தாள்களைத் திறந்து, 384 பேரும் எந்தெந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழுவாரியாக எண்ணி, ஒரு குழுவுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்று கண்டுபிடித்து, மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களோடு போடுங்கள். படிவத்தில் குழுவின் பெயரைக் கேட்காமல் விட்டிருந்தால், வாய்மொழித் தேர்வில் தெரியவருவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது. ஊர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் அந்தக் குழுத் தலைவிகளிடம் திரும்பிப் போங்கள்.